லானை எடுத்துவிட்டு எதை நடுவது? சென்னையின் மண்ணுக்கும் மழைக்கும் ஒரு கணக்கு

ஒவ்வொரு கோடையிலும் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டை திரும்பி வருகிறது. லாரித் தண்ணீருக்கு இவ்வளவு கொடுக்கிறோமே, அந்த லானுக்கு எதற்குத் தினமும் ஹோஸ் பிடிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்பார். எடுத்துவிட்டு பேவர் கல் போடலாம் என்பார் இன்னொருவர். செயற்கைப் புல் விரித்தால் வேலையே இல்லை என்பார் மூன்றாமவர். இப்போது நான்காவதாக ஒரு யோசனையும் சேர்ந்திருக்கிறது: 'நேட்டிவ் லான்', அதாவது இந்த மண்ணுக்கே உரிய செடிகளால் ஆன தரை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இது குட்டிக் காடா, மூலிகைத் தோட்டமா, அல்லது களையைப் பிடுங்காமல் விடுவதற்கு ஒரு கௌரவமான பெயரா?

மூன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

## லான் என்பது ஒரு செடி அல்ல

லான் என்பது ஒரு பராமரிப்பு முறையின் பெயர். ஒரே வகைப் புல், ஒரே உயரம், ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் லான். வாரம் தவறாமல் தூறலும் மிதமான வெயிலும் இருக்கும் இங்கிலாந்தில் பிறந்த ஆசை அது. 1830இல் குளோஸ்டர்ஷயரில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் எந்திரத்தை உருவாக்கும்வரை அங்கேயும் அது பணக்காரர் சமாசாரம்தான். ஆட்டு மந்தை வேண்டும், இல்லையென்றால் அரிவாளோடு ஆட்கள் வேண்டும். மெட்ராஸுக்கு அது வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளோடு வந்து சேர்ந்தது.

தமிழ் வீட்டில் இதற்கு இடமே இருந்ததில்லை. வாசல் என்பது பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போடும் இடம். புல் தலைகாட்டினால் கிள்ளி எறிவார்கள். வாசலில் புல் மண்டிக் கிடந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆக, நாட்டுச் செடித் தரையைப் பார்த்து 'களை மண்டிக் கிடக்கிறது' என்று முணுமுணுப்பவரிடம் இரண்டு பழக்கங்கள் சேர்ந்து பேசுகின்றன: வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற ஒழுங்கு ஒன்று, பாட்டி பெருக்கிய வாசலின் ஒழுங்கு இன்னொன்று.

## தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். இந்த ஒரு வாய்ப்பாடு போதும்.

1. சென்னையில் நிலத்தை கிரவுண்டில் அளக்கிறோம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர்.

2. கோடையில் புல் வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகும் நீரை ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கத்திரி வெயிலுக்கு இது அதிகப்படியான மதிப்பீடு இல்லை. ஒரு கிரவுண்டு லானுக்கு நாளொன்றுக்கு 1,115 லிட்டர் ஆகிறது.

3. மாதத்துக்குச் சுமார் 33,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட மூன்று லோடு.

4. நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவுகோல். அந்த லான் குடிப்பது எட்டுப் பேரின் பங்கு.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன கணக்கில் அது 120 ஏக்கருக்குச் சற்று அதிகமான லானின் ஒரே ஒரு நாள் தாகம்.

இதில் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை. லானுக்கு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 மி.மீ. என்று வைத்தால் 1460 மி.மீ. தேவை. இரண்டும் ஏறக்குறையச் சமம்! மொத்தத்தில் பற்றாக்குறை பெரிதாக இல்லை, காலம்தான் பொருந்தவில்லை. மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை சொல்லிக்கொள்ளும்படி மழை கிடையாது. லான் கேட்பது தினமும் ஒரு டம்ளர். வானம் தருவது ஆண்டுக்கு ஒரு முறை ஒரு அண்டா. இந்த இடைவெளியைத்தான் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் நிரப்புகின்றன.

நாட்டுச் செடிகளின் வாதம் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது. அண்டாவில் குடித்துவிட்டு ஐந்து மாதம் தாங்கும் செடி எது என்பதே கேள்வி. அவை தண்ணீரே குடிக்காது என்பது இல்லை. குடிக்கும் காலம் மழைக்காலத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

## 'நாட்டுச் செடி' என்பதில் உள்ள பொறிகள்

மனிதர் கொண்டுவராமல், ஓர் இடத்தில் தானாகவே நெடுங்காலம் வாழ்ந்து, அங்குள்ள மண், மழை, பூச்சிகளோடு சேர்ந்து வளர்ந்த தாவரமே அந்த இடத்தின் நாட்டுத் தாவரம். பழகிய செடியெல்லாம் நாட்டுச் செடி ஆகாது. மிளகாய் இல்லாமல் நமக்குச் சமையல் இல்லை. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்தது. தரையிலும் இதே கதைதான். குழந்தைகள் தொட்டு விளையாடும் தொட்டாற்சிணுங்கி அங்கிருந்து வந்தது. காயத்துக்குக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப்பூண்டும் அப்படியே.

வந்தேறிச் செடிகள் எல்லாம் கெட்டவை அல்ல. கட்டுமீறிப் பரவி மற்றவற்றை அழுத்துபவைதான் சிக்கல். சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் எல்லோருக்கும் தெரியும். லான் மாற்று என்று வரும்போது நர்சரியில் ஏமாறக்கூடிய இடங்கள் வேறு. இரண்டைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சாலை நடுத்திட்டுகளில் பளபளவென்று படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா. தண்ணீர் குறைவு, வேகமாக மூடும், பூவும் உண்டு என்று இதை மகிழ்ச்சியோடு விற்பார்கள். இது மத்திய, தென் அமெரிக்கச் செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதன் நெருங்கிய உறவுதான் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி. அதுவும் தரையோடு படரும், அதே நிறத்தில் பூக்கும். இலையைப் பாருங்கள். வெடேலியாவின் இலையில் மூன்று மடல் பிரிவு தெரியும், மேற்புறம் மினுமினுக்கும். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் இருக்காது. சட்டென்று பார்த்தால் ஏமாந்துதான் போவோம்.

இரண்டாவது, நீலப் பூ எவால்வுலஸ். நர்சரியில் தொட்டியில் குப்பென்று பூத்திருப்பது பெரும்பாலும் பிரேசில் பக்கத்து இனம். நம்முடைய விஷ்ணுகரந்தையின் பூ அதைவிட மிகச் சிறியது, செடியும் ஒல்லி. அலங்காரத்தில் தோற்கும், ஆனால் வறண்ட தரையில் கேட்பாரற்று வாழும்.

## அருகம்புல்லின் வேடிக்கை

கோல்ஃப் மைதானங்களுக்கும் பெரிய லான்களுக்கும் 'பெர்முடா புல்' என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தப் பெர்முடா புல் வேறொன்றுமில்லை, அருகம்புல்தான். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் பெர்முடா. கோல்ஃப் மைதானங்களில் புகழ்பெற்ற டிஃப்வே 419 என்ற ரகம், அருகம்புல்லை ஓர் ஆப்பிரிக்க உறவினத்தோடு கலந்து ஜார்ஜியாவின் டிஃப்டனில் உருவாக்கி, 1960இல் வெளியிட்டது. பிள்ளையாருக்குக் கட்டுக்கட்டாக வாங்கும் புல்லே கப்பலேறிப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துவது சும்மா இல்லை. அருகு மேலே ஓடுதண்டாலும் மண்ணுக்குள் கிழங்குத் தண்டாலும் பரவும். மேல் பகுதி காய்ந்தாலும் கீழே உயிர் இருக்கும். முதல் மழைக்குத் துளிர்க்கும். மிதித்தாலும் தாங்கும். அப்படியானால் லானுக்கென்று விற்கும் கொரியன் புல்லை ஏன் நடுகிறோம்? பார்வைக்காக. அது மெத்தென்று, அடர்த்தியாக, மெதுவாக வளரும். நாட்டு அருகு கொஞ்சம் சொரசொரப்பு, திட்டுத்திட்டாகக் கிடக்கும், மர நிழலில் நிற்காது. இந்த மூன்று குறைகளையும் மறைத்து அருகை விற்கக் கூடாது.

ஒன்றை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அருகம்புல்லையே லான் போல நடத்தினால், அதாவது தினமும் தண்ணீர், மாதம் ஒரு கை யூரியா, வாரம் ஒரு வெட்டு என்று வைத்தால், தண்ணீர்ச் செலவு பெரிதாகக் குறையாது. செடியை மாற்றி முறையை மாற்றாமல் இருப்பதில் பயனில்லை.

## எந்த இடத்தில் எது

சென்னை மண்ணைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்: கடலோர, ஆற்றோர மணல், நகரின் பெரும்பகுதியிலுள்ள களிமண், கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்துப் பாறை. திருவான்மியூரில் பிழைப்பது அசோக் நகரில் அழுகலாம்.

நல்ல வெயில், எந்த மண்ணும். முதல் தேர்வு பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சும் அதே செடி. ஏரிக்கரைகளில், வாய்க்கால் ஓரங்களில் தானாகப் படர்ந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர்விடும், தரையை ஒட்டியே கிடக்கும், உப்புத்தண்ணீரை ஓரளவு தாங்கும். சென்னைக்கு முக்கியமான குணம் வேறு: சில நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது, அப்புறம் காய்ந்தாலும் சாகாது. லானில் வேர் அழுகும் நவம்பரையும் லான் கருகும் மே மாதத்தையும் ஒரே செடி கடக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. ஒரு எச்சரிக்கை, இதன் பூவுக்குத் தேனீக்கள் வரும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் உள்ள இடத்தில் பூக்கும் பருவத்தில் ஒரு வெட்டு வெட்டிவிடுவது நல்லது. இன்னொன்று, இதன் தென் அமெரிக்க உறவினம் ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் சமவெளியில் பெரிய களை. நாட்டுச் செடி என்ற தகுதி ஊரைப் பொறுத்ததே தவிர, செடியின் குணம் இல்லை.

அருகோடு கலக்க. சிறுபுள்ளடி. மூன்று மூன்றாகச் சின்ன இலைகள், ஊதா நிறப் பொடிப்பூ. அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். யூரியா மூட்டை செய்யும் வேலை. புல்லோடு ஒட்டிப் பறக்கும் சிறு நீலப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு இந்த மாதிரிச் செடிகள்தான் தீனி. அருகும் சிறுபுள்ளடியும் கலந்த தரையே சென்னையின் பெரும்பாலான வெயில் இடங்களுக்குப் போதும் என்பது என் கணிப்பு.

ஈரமும் அரைநிழலும். குழாயடி, ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடம், மழைநீர்க் குழியின் ஓரம். வல்லாரை, நீர்ப்பிரமி. கீரைக்கடையில் வேரோடு கிடைக்கும் வல்லாரைக் கட்டையே நடலாம்.

கடலோர மணல். கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் லோடு லோடாகச் செம்மண் கொட்டி லான் போடுகிறார்கள். அங்கே அடம்பு இருக்கிறது. சங்க நெய்தல் பாடல்களில் தேர்ச்சக்கரம் ஏறிப்போகும் அதே அடும்பு. நடக்க ஏற்றதல்ல, பார்க்கவும் மணலைப் பிடிக்கவும் ஏற்றது.

நட வேண்டாதவை. நெருஞ்சி நாட்டுச் செடிதான், ஆனால் அதன் முள்ளை மிதித்தவர் மறக்க மாட்டார். கோரை இருந்தால் நடுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்ட வேண்டும். மேலே கிள்ளினால் பத்தாக வரும்.

## மாற்றும் வேலை

1. சித்திரை, வைகாசியில் பழைய லானுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு முறை நனைத்து, தெளிவான பாலிதீன் ஷீட்டை ஓரம் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விரித்தால் சூட்டில் புல்லும் பல களை விதைகளும் சாகும். கோரைக்கிழங்கு இதற்கும் பிழைக்கும்.

2. ஆடி, ஆவணியில் நடவு. சென்னையில் அப்போது மாலை இடிமழை கிடைக்கும். ஐப்பசியில் நட்டால் அடைமழை நாற்றை அடித்துக்கொண்டு போகும். ஒரு சாண் இடைவெளியில் கணுவுள்ள தண்டுகள் போதும்.

3. நாற்றை ஏரிக்கரைக் காலிமனையிலிருந்து கொஞ்சம் எடுத்து, தொட்டியில் பெருக்கிக்கொள்ளலாம். காப்புக்காட்டிலோ கிண்டி தேசியப் பூங்காவிலோ பிடுங்குவது குற்றம்.

4. முதல் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். களையும் கையால் எடுக்க வேண்டும். 'வேலையே இல்லாத தரை' என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். முதல் ஆண்டு லானைவிட வேலை அதிகம்.

## கேள்விகள், எதிர்வாதங்கள்

*பாம்பு வராதா?* முழங்கால் உயரப் புதரில் வரலாம். இங்கே பேசும் செடிகள் கணுக்காலைக்கூடத் தொடாதவை. பாம்பை அழைப்பது எலியும், எலியை அழைப்பது குப்பையும் கல் குவியலும்.

*எங்களிடம் எஸ்டிபி தண்ணீர் இருக்கிறதே?* நல்ல வாதம். கழிவுநீரைச் சுத்திகரித்து லானுக்கு விடும் குடியிருப்பில் தண்ணீரைக் காரணமாகச் சொல்லி லானை எடுக்கச் சொல்வது நியாயமில்லை. அந்தத் தண்ணீர் கழிப்பறை ஃப்ளஷுக்குப் போய், அதனால் லாரி குறையுமா என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*பேவர் கல், செயற்கைப் புல்?* சென்னையில் லானின் உண்மையான எதிரி நாட்டுச் செடி அல்ல, இவைதான். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் லான் மழையை மண்ணுக்குள் விடும், தரையைக் குளிர்விக்கும். கான்கிரீட் படுக்கைமேல் பதித்த கல் இரண்டையும் செய்யாது. செயற்கைப் புல்லின் மேற்பரப்பு நேர்வெயிலில் 60 டிகிரியைத் தாண்டியது பல நாடுகளில் அளக்கப்பட்டிருக்கிறது. மழைநீர் சேகரிப்பை 2003இலேயே கட்டாயமாக்கிய மாநிலத்தில் மழை இறங்கும் மண்ணை மூடுவது வினோதம். லானா கல்லா என்று இரண்டே வாய்ப்பு இருந்தால் லானே இருக்கட்டும்.

*இதற்குப் பதில் மரம் நட்டால் என்ன?* நடலாம், இடம் இருந்தால். ஆனால் திறந்த புல்நிலமும் இயற்கை வாழிடமே. கிண்டியின் வெளிமான்கள் மரக்கூட்டத்தை அல்ல, போலோ மைதானம் போன்ற திறந்த வெளியையே நாடுகின்றன.

## முதலில் எந்தத் துண்டு?

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் போட்டது. லாஸ் வேகாஸ் இருக்கும் தெற்குப் பகுதியில், பயனில்லாத புல்தரைக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடக்கூடாது. அந்த ஊரின் ஆண்டு மழை 100 மி.மீ. அளவு, நம்மோடு ஒப்பிட முடியாது. ஆனால் சட்டம் வைத்த பிரிவினை நமக்கும் உதவும். விளையாட்டு மைதானம், பூங்கா ஆகியவற்றின் புல்லை அது தொடவில்லை. தனி வீட்டு லானையும் விட்டுவிட்டது. சாலைத் திட்டு, வளாக முகப்பு என்று யாரும் கால் வைக்காமல் பார்வைக்கு மட்டும் கிடக்கும் புல்லைத்தான் பிடித்தது.

இதே கேள்வியைக் குடியிருப்பில் கேட்கலாம். ஒரு வாரம் கவனியுங்கள்: லானின் எந்தத் துண்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், எதில் தோட்டக்காரரின் கால் மட்டும் படுகிறது? முதல் வகையை விட்டுவிடலாம், அல்லது அருகுக்கு மாற்றலாம். 'புல்மேல் நடக்காதீர்' என்று பலகை வைத்த துண்டு எதுவோ அதுதான் முதலில் மாற வேண்டியது.

மாற்றியபின் ஏப்ரல், மே மாதங்களில் அது பழுப்பாகும். இதை முன்கூட்டியே குடியிருப்போர் கூட்டத்தில் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்காவிட்டால், முதல் கோடையிலேயே யாராவது ஹோஸை எடுத்துவிடுவார். தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்க வேண்டும்' என்ற வரி இருந்தால் அதையும் திருத்த வேண்டும். கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர், எந்த மாதத்தில் வெட்டு என்று எழுத வேண்டும்.

அதைவிட முக்கியம், நட்ட செடிகள் ஒவ்வொன்றையும் தோட்டக்காரருக்குப் பெயர் சொல்லிக் காட்டுவது. இல்லாவிட்டால் அடுத்த முறை களையெடுக்கும்போது பொடுதலையும் சிறுபுள்ளடியும்தான் முதலில் கூடைக்குப் போகும். அவர் இத்தனை வருடமாக லானிலிருந்து களை என்று பிடுங்கி எறிந்தது அவற்றைத்தானே.